மெனுவில் எழுதிய ஊர் தட்டில் இருக்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

ரெஸ்டாரண்ட் சரக்கு எங்கிருந்து வருகிறது, அதில் நல்லது எது என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். யாங்கோன், பெகு, தாட்டோன், மோல்மேன், மாண்டலே என்று பர்மாவின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: அடுத்த மாதம் உணவகம் திறக்கிறேன். ‘நம்சான் லப்பெட் தோ’ (ஊறவைத்த தேயிலை சாலட்) என்று மெனுவில் போட ஆசை. தெயின்ஜி சந்தையில் எந்தக் கடையில் கேட்டாலும் நம்சான் இலை என்றுதான் சொல்கிறார்கள். விலையோ கடைக்குக் கடை இரண்டு மடங்கு வித்தியாசம். எதை வாங்குவது?
– வாசகர், யாங்கோன்

பதில்: கடைக்காரர் சொல்லும் பெயரை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். நம்சான் வட ஷான் மலையில் உள்ள ஊர். தாஆங் மக்கள், அதாவது பலவுங் என்று இங்கே அழைக்கப்படுபவர்கள், தலைமுறைகளாகத் தேயிலை வளர்க்கும் இடம். பெயருக்குக் கிராக்கி இருப்பதால், ஷான் மலையில் எந்தச் சரிவில் பறித்த இலையும் யாங்கோன் வந்து சேர்வதற்குள் நம்சான் ஆகிவிடுகிறது. தமிழ்நாட்டில் எல்லா மல்லியும் மதுரை மல்லி ஆகிற கதைதான்.

விலை ஏறி இறங்குவதற்கு ஊரைவிடப் பெரிய காரணம் பறித்த காலம். நம் சித்திரைப் பிறப்பும் இங்கத்திய புத்தாண்டான திஞ்ஜானும் ஒட்டி ஒட்டி வருகின்றன அல்லவா, அதற்கு முன் பறித்த முதல் கொழுந்துக்குத்தான் ‘ஷ்வே ஃபி’ என்று பெயர். குளிர்காலம் முழுக்க மெதுவாக வளர்ந்த தளிர் அது. மழை இறங்கிய பிறகு இலை மளமளவென்று வளரும், நீர் கோத்துக்கொள்ளும், நரம்பு தடிக்கும். அதை ஊறவைத்தால் சக்கை மாதிரி வாயில் நிற்கும். ஆகவே கடையில் முதல் கேள்வியாக “எந்த ஊர்?” என்று கேட்காதீர்கள், “எந்த மாதத்துப் பறிப்பு?” என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசலாம்.

அடுத்தது பக்குவம். பறித்த இலையை 5 நிமிடம்போல ஆவியில் வேகவைப்பார்கள். இலையைக் கறுக்க வைக்கும் நொதி இந்தச் சூட்டில் செத்துவிடும். ஆவி போதாமல் போனால் இலையில் கறுப்புத் திட்டு விழும். கையில் எடுத்துப் பார்த்தாலே தெரியும், அதை ஒதுக்குங்கள். பிறகு இலையைக் கசக்கி, மூங்கில் தொட்டியிலோ மண்பானையிலோ குழிக்குள் இறுக்கி அடைத்து, மேலே பாரம் ஏற்றுவார்கள். காற்றுப் புகாத இடத்தில் தயிரைப் புளிக்க வைக்கும் அதே இனத்து நுண்ணுயிர்கள் 3 முதல் 4 மாதம் வேலை செய்யும். பாரம் குறைந்தால் மேலடுக்கில் காற்று நின்று பூஞ்சை பிடிக்கும். நல்ல வியாபாரி அந்த அடுக்கை எறிந்துவிடுவார். மற்றவர்கள் அலசி, பூண்டும் மிளகாயும் தூக்கலாகப் போட்டுத் தாளித்த லப்பெட்டாக விற்பார்கள். எனவே மசாலா சேர்த்த பாக்கெட்டை வாங்காதீர்கள். வெறும் இலையாக வாங்கி நீங்களே தாளியுங்கள்.

இனி நிறம். நன்றாகப் புளித்த இலை பளிச்சென்ற பச்சையாக இருக்க வழியே இல்லை. கீரையில் புளி விட்டதும் பச்சை மங்கிப் பழுப்பேறுவதைத் தினமும் அடுப்படியில் பார்க்கிறோம். பச்சையத்தில் உள்ள மக்னீசியத்தைப் புளிப்பு வெளியேற்றிவிடுவதால் வரும் மாற்றம் அது. லப்பெட்டிலும் அதுவே நடக்கிறது. பொன் கலந்த மங்கிய பச்சைதான் சரியான நிறம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பச்சை என்றால் யோசியுங்கள். 2009 மார்ச்சில் இங்கே 43 பிராண்டு லப்பெட்டில் ஆரமின் ஓ என்ற சாயம் இருப்பதாக அரசே அறிவித்தது பலருக்கு நினைவிருக்கும். அது துணிக்கும் காகிதத்துக்கும் போடும் மஞ்சள் சாயம், உணவில் தடை செய்யப்பட்டது. கடையிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, ஒரு தேக்கரண்டி இலையைப் போட்டு 2 நிமிடம் விடுங்கள். சுத்தமான இலை வெளிர் பழுப்பு நீரைத் தரும். நீர் எலுமிச்சை மஞ்சளாக மாறினால் அந்தக் கடைக்கு ஒரு கும்பிடு. பச்சைத் தண்ணீரில் இந்தச் சாயம் சரியாகக் கரையாது, ஆகவே வெதுவெதுப்பு அவசியம். இது சந்தேகத்தைக் கிளப்ப மட்டுமே உதவும் சோதனை. உறுதியாகச் சொல்ல ஆய்வுக்கூடம்தான் வேண்டும்.

தாளிப்பது இப்படி: 100 கிராம் இலையை 2 தண்ணீரில் அலசிப் பிழியுங்கள். மூன்றாவது அலசலில் கசப்போடு மணமும் போய்விடும். காம்பைக் கிள்ளி எறிந்து, கத்தியால் கொத்தி, 2 மேசைக்கரண்டி கடலை எண்ணெய், ஒரு தேக்கரண்டி நசுக்கிய பூண்டு, அரைத் தேக்கரண்டி உப்பு, அரை எலுமிச்சையின் சாறு சேர்த்து ஓரிரவு ஃபிரிட்ஜில் வையுங்கள். 4 தட்டுக்கு வரும். எண்ணெயில் பூண்டு கலந்த எதையும் மேசைமேல் நாள்கணக்கில் வைக்கக் கூடாது.

பரிமாறும்போது தக்காளி, கோஸ், பொரித்த பயறு, நிலக்கடலை, எள், கருவாட்டு இறால் எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். தக்காளியை முன்கூட்டியே உப்போடு பிசைந்து வைத்தால் தட்டில் குளம் கட்டும், பொரித்த பயறு 5 நிமிடத்தில் நமத்துப்போகும். விருந்தாளி முன்னால் கடைசியில் கலப்பதுதான் முறை.

மெனுவில் என்ன எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப்பெயர் பில்லில் இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘ஷான் மலை முதல் பறிப்பு’ என்று போடுங்கள். விவரம் தெரிந்தவர்களுக்கு அதுதான் பெரிய வார்த்தை.

கேள்வி: வெள்ளி, செவ்வாய், புரட்டாசி முழுக்க நாங்கள் சைவம். பிள்ளைகள் தாய், ஜப்பான் சாப்பாடு கேட்கிறார்கள். “காய்கறி மட்டும்” என்று சொல்லி வாங்கினால் போதுமா?
– வாசகி, தாட்டோன்

பதில்: போதாதம்மா. இறைச்சித் துண்டு இல்லாததைத்தான் பல சமையற்காரர்கள் காய்கறிச் சாப்பாடு என்று நினைக்கிறார்கள். சாறும் விழுதும் கணக்கில் வருவதில்லை.

தாய்க் கறி விழுது, பச்சையோ சிவப்போ, வழக்கமான முறையில் இறால் விழுது போட்டு அரைப்பது. டாம் யம் சூப்பில் மீன் சாறு உண்டு. கொரியக் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். ஜப்பானிய மீசோ சூப் பார்க்க நம் பருப்புத் தண்ணீர் மாதிரி சாதுவாக இருக்கும், ஆனால் அதன் அடியில் இருக்கும் ‘தாஷி’ என்ற சாறு பெரும்பாலும் காய்ந்த சூரை மீனின் சீவலிலிருந்து எடுத்தது. காய்கறி வதக்கலில் பளபளப்புக்காக ஊற்றுவது சிப்பி சாஸ்.

கடையில் கேட்க வேண்டிய சொல் ‘தெத்தத்லு’. கொல்லாமையைக் குறிக்கும் சொல் என்பதால் பௌத்தச் சமையற்காரருக்குச் சட்டென்று புரியும். பௌத்த நோன்பு தொடங்கும் வாசோ மாதத்தில் பல கடைகள் அப்படிச் சமைத்துப் பழகியவை. கூடவே “ஙான்பியாயே வேண்டாம், பெ ஙான்பியாயே போடுங்கள்” என்று சொல்லுங்கள். முன்னது மீன் சாறு, பின்னது சோயா சாஸ். பர்மிய மொழியில் சோயா சாஸுக்குப் பெயரே ‘பயற்று மீன்சாறு’ என்பதுதான் வேடிக்கை. அவசரத்தில் முதல் எழுத்து காதில் விழாவிட்டால் உங்கள் விரதம் முடிந்தது.

வீட்டிலேயே செய்ய நினைத்தால், தாஷிக்கு மீன் தேவையே இல்லை. கொம்பு என்ற காய்ந்த கடற்பாசி வாங்குங்கள். ஹொக்கைடோத் தீவின் கடற்கரைகளில்தான் நல்லது விளைகிறது. ரிஷிரி, ரவுசு, ஹிடாகா என்று பாக்கெட்டில் வரும் பெயர்கள் அந்தக் கரைகளின் பெயர்கள். சூப்புக்குத் தெளிந்த சாறு வேண்டுமானால் ரிஷிரி, காயோடு சேர்த்து வேகவைக்க ஹிடாகா. மேலே படிந்திருக்கும் வெள்ளைப் பொடியைப் பூஞ்சை என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள், ஈரத்துணியால் ஒரு துடைப்புப் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம். அரைமணி நேரம் ஊறவைத்துச் சிறுதீயில் ஏற்றி, பாத்திரத்தின் ஓரத்தில் குமிழி வரும்போதே பாசியை எடுத்துவிடுங்கள். கொதிக்கவிட்டால் சாறு வழவழவென்று ஆகிக் கடல்வாடை அடிக்கும். இன்னும் கனம் வேண்டுமானால், 15 கிராம் காய்ந்த ஷிட்டாகே காளானை ஃபிரிட்ஜில் ஓரிரவு குளிர்ந்த நீரில் ஊறப்போட்டு, அந்த நீரையும் சேருங்கள்.

நாம் அஜினோமோட்டோ என்று சொல்லும் உப்பின் பிறப்பிடமும் இந்தக் கொம்புதான். 1908ல் கிக்குனாயே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் இதன் சாற்றிலிருந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்து அறிந்தார்.

இங்கத்திய ஷான் தொஃபு சோயாவில் செய்வதல்ல. கடலை மாவையும் மஞ்சளையும் கிண்டி உறையவைத்தது, தைரியமாகச் சாப்பிடலாம். மேலே ஊற்றுவதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மீன் சாறு புட்டிகளில் 30, 40 என்று எண் போட்டிருக்கிறது. அது என்ன? வியட்நாம் சரக்குக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டுமா? புட்டியின் அடியில் கற்கண்டு மாதிரி படிகிறதே?
– வாசகர், மோல்மேன்

பதில்: அந்த எண் ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்பது. மீனின் புரதம் எவ்வளவு கரைந்து சாற்றில் இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் அளவுகோல். சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸ் குறைந்தபட்சம் 10 கிராம் இருக்க வேண்டும் என்கிறது. அன்றாடச் சமையலுக்கு 20 போதும். தொட்டுக்கொள்ளவும் சாலட்டில் பச்சையாக ஊற்றவும் 30 முதல் 40. வெறும் மீனும் உப்புமாக ஊறியதில் 40ஐத் தாண்டுவது கடினம். அதற்கு மேல் எண் போட்டிருந்தால் பின்பக்கத்துப் பொருள் பட்டியலைப் படியுங்கள்.

பட்டியல் சின்னதாக இருப்பதே நல்ல அறிகுறி: நெத்திலி, உப்பு. கொஞ்சம் சர்க்கரை இருந்தால் மன்னிக்கலாம். தண்ணீர் முதலில் நின்று, பின்னால் சுவையூட்டி, நிறமூட்டி என்று நீண்டால் அது முதல் வடிப்பு எடுத்த பிறகு உப்புநீர் விட்டுக் கழுவிய சரக்கு. வியட்நாமின் ஃபூ கோக் தீவில் 3 பங்கு நெத்திலிக்கு 1 பங்கு உப்பு போட்டு, பெரிய மரத்தொட்டியில் 12 மாதமோ அதற்கு மேலோ வைக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் தீவின் பெயருக்கே 2012ல் பாதுகாப்புக் கொடுத்தது. தட்டில் பச்சையாகப் போடுவதற்கு அது கொடுத்த காசுக்குத் தகும். குழம்பில் கொதிக்கவைக்க அதை வாங்குவது வீண், மணம் எல்லாம் ஆவியில் போய்விடும். அதற்கு நம் மேய்க், டாவே கரைகளில் வடித்ததே போதும்.

மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. எண் குறைந்த சாறு நாக்குக்கு உப்பாகத்தான் தெரியும், அந்த உப்பை மட்டுப்படுத்தும் புரதச் சுவை அதில் இல்லை. 30க்குப் பதில் 15 வாங்கினால், அதே சமையல் குறிப்பில் முக்கால் அளவு ஊற்றிப் பார்த்துவிட்டு மீதியை முடிவு செய்யுங்கள்.

அடியில் படிவது உப்புதான், கெடுதல் இல்லை. திறந்த பிறகு கறுத்துக்கொண்டே போவது காற்றுப் பட்டதால்.

ஙாப்பி என்ற உப்பிட்ட மீன், இறால் விழுது பற்றியும் ஒரு வரி: இறால் ஙாப்பியின் இயற்கை நிறம் சாம்பல் கலந்த ஊதாப் பழுப்பு. ரோஜாப்பூ நிறத்தில் இருந்தால் ரோடமின் பி சாயமாக இருக்கலாம், வேண்டாம்.

கேள்வி: சீனக் கடைக்காரர் எள்ளெண்ணெய் என்று தந்ததில் தோசை வார்த்தோம், வீடெல்லாம் கருகல் வாடை. கலப்படமா? எண்ணெயை ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்தால் தெரியும் என்கிறார்களே?
– வாசகி, பெகு

பதில்: கலப்படம் இல்லை, வேறு எண்ணெய். நம் நல்லெண்ணெய் பச்சை எள்ளைச் செக்கில் ஆட்டுவது, ஆட்டும்போது கருப்பட்டியும் விழும். சீன, ஜப்பானியச் சமையலில் வரும் கரும்பழுப்பு எண்ணெய் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது. அது வதக்கும் எண்ணெயே அல்ல, நாம் கடைசியில் நெய் ஊற்றுகிற மாதிரி அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுவது. 4 பேர் சாப்பிடும் நூடுல்ஸுக்கு ஒரு தேக்கரண்டி. வறுவல் மணம் சூட்டில் பறந்துவிடும், பறக்காமல் நின்றது கருகும். உங்கள் வீட்டில் நடந்தது இரண்டும்தான்.

மாக்வேப் பக்கத்து நான்ஸீ, அதாவது வறட்சி மண்டலத்து எள்ளில் ஆட்டிய எண்ணெய், நம் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் வரும். தோசைக்கு அதை வாங்குங்கள்.

ஃபிரிட்ஜ் சோதனை பாதி உண்மை. சாதாரணப் பாமாயில் 10 டிகிரி பக்கத்திலேயே கலங்க ஆரம்பிக்கும், எள்ளெண்ணெய் ஃபிரிட்ஜின் 4, 5 டிகிரியிலும் தெளிவாக நிற்கும். ஆகவே எள்ளெண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் ஓரிரவு வைத்துக் காலையில் வெள்ளை மேகம் கண்டால் ஏதோ கலந்திருக்கிறது. கடலை எண்ணெய்க்கு இந்தச் சோதனை செய்து கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்: சுத்தமான கடலை எண்ணெயே அந்தக் குளிரில் கெட்டியாகும். இன்னொரு பக்கம், குளிர் தாங்கும்படி இருமுறை பிரித்தெடுத்த பாமாயிலைக் கலந்தால் எள்ளெண்ணெய்ச் சோதனையும் ஏமாந்துபோகும்.

கடலை எண்ணெயில் கலப்படத்தைவிடப் பெரிய கவலை பூஞ்சை. மழையில் நனைந்த கடலையில் வளரும் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சின், சுத்திகரிக்காத செக்கு எண்ணெயில் இறங்கிவிடும். வாணலிச் சூட்டுக்கும் அது அசையாது. செக்குக்கே போய் வாங்குகிறவர்கள் எண்ணெயை விட்டுவிட்டு மூட்டையைத் திறக்கச் சொல்லுங்கள். சுருங்கிய பருப்பு, கறுத்த முளை, மண்வாடை இருந்தால் வேறு செக்கு.

கேள்வி: ஷ்வேபோ பவ்சான் அரிசியில் சூஷி செய்தால் பிரிந்து பிரிந்து போகிறது. உலகத்திலேயே சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியதாயிற்றே?
– சமையற்காரர், யாங்கோன்

பதில்: பரிசு வாங்கியது உண்மை, 2011ல் உலக அரிசி மாநாட்டில். ஆனால் சூஷிக்கு என்று யாரும் கொடுக்கவில்லை. பவ்சான் பார்க்கக் குட்டையாக, உருண்டையாக ஜப்பான் அரிசி போலவே இருப்பதால் வரும் மயக்கம் இது. வெந்ததும் சுமார் 3 மடங்கு நீளும், சோறு ஆறினால் விறைக்கும். சூஷிக்கு ஆறிய பிறகும் மெத்தென்று ஒட்டுகிற, மாவுச்சத்தில் அமைலோஸ் குறைந்த ஜப்போனிகா இனம் வேண்டும். 300 கிராம் அரிசிக்கு 60 மில்லி அரிசி வினிகர், 2 மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு தேக்கரண்டி உப்பு. சோறு சூடாக இருக்கும்போதே விட்டு, மரக்கரண்டியால் பிசையாமல் வெட்டுவது போலக் கிளறுங்கள்.

பவ்சானை அதன் வேலைக்கு விடுங்கள். கார்த்திகை, மார்கழியில் வரும் புத்தரிசிக்கு ஒரு கிண்ணத்துக்கு ஒன்றேகால் தண்ணீர், ஆறு மாதம் கிடந்த அரிசிக்கு ஒன்றரை. மணம் உண்மையா என்று பார்க்க ஒரு பிடியை ஊறவைத்துக் கழுவுங்கள். ரம்பை இலை வாசனை போன்ற அந்த மணம் அரிசிக்குள்ளேயே இருப்பது, வேகும்போதுதான் முழுதாக எழும். வாசனைத் திரவியம் தெளித்த அரிசி மூட்டையைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும், முதல் கழுவலோடு ஓடிவிடும்.

கேள்வி: ரெஸ்டாரண்டுகளில் மல்லிகைத் தேநீர், உஜி மச்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலைப் பொடி) என்று தனி விலை போடுகிறார்கள். நம் டீக்கடைப் பால் டீயான லப்பெட்யேக்கும் இப்போது ‘ஸ்பெஷல்’ விலை. இதில் எதற்குக் காசு கொடுக்கலாம்?
– வாசகர், மாண்டலே

பதில்: மல்லிகைத் தேநீர் என்றதும் கோப்பையில் காய்ந்த பூ மிதக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். மிதந்தால் பெரும்பாலும் அழகுக்காகப் போட்டது. அந்தப் பூ நம் குண்டுமல்லியேதான். சீனாவில் குவாங்ஷி மாநிலத்து ஹெங்ஜோவும் ஃபூஜியன் மாநிலத்து ஃபூஜோவும் இதற்குப் பெயர்போன ஊர்கள். மதியத்துக்கு மேல் மொட்டாகப் பறித்த மல்லிகை இரவில் மலரும் என்பது பூக்கட்டுகிற நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது வாய் திறக்கிற நேரத்தில் பச்சைத் தேயிலையோடு கலந்து குவித்துவைத்தால் இலை மணத்தை உறிஞ்சிக்கொள்ளும். குவியல் சூடேறும், இடையிடையே கிளறி ஆற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூ அழுகி இலையில் வாடை பிடிக்கும். காலையில் பூவைச் சலித்து எறிந்து, இலையைச் சூடுகாட்டி உலர்த்தி, அடுத்த இரவு புதுப்பூ. மூன்று, ஐந்து, ஏழு முறைகூட இப்படிச் செய்வார்கள். அதனால்தான் நல்ல சரக்கில் பூ இருக்காது, மணம் மட்டும் இருக்கும். ஊற்றிப் பாருங்கள்: எசன்ஸ் தெளித்தது முதல் கோப்பையில் மணந்து இரண்டாவதில் வெறும் தண்ணீராகும். பூவில் ஊறியது மூன்றாவது கோப்பையிலும் மணக்கும். 3 கிராம் இலைக்கு 200 மில்லி, 80 டிகிரி, 2 நிமிடம். கொதிநீர் ஊற்றினால் எந்த ஊர் இலையும் கசக்கும்.

உஜி என்பது கியோத்தோவுக்குத் தெற்கே உள்ள ஊர். ஆனால் ‘உஜித் தேயிலை’ என்ற பெயரில் கியோத்தோ, நாரா, ஷிகா, மியே ஆகிய 4 மாநிலத்து இலையும் வரலாம், கடைசிப் பக்குவம் கியோத்தோவில் நடந்திருந்தால் சரி. இது ஏமாற்று இல்லை, அவர்கள் வகுத்த விதியே அப்படி. மச்சாவின் விலைக்குக் காரணம் வேலை. பறிப்பதற்கு முன் சுமார் 20 நாள் செடிக்கு நிழல் போட்டு, காம்பும் நரம்பும் நீக்கிய இலையைக் கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். ஒரு எந்திரம் மணிக்கு 40 கிராம்போலத்தான் தரும். பாலும் சர்க்கரையும் ஊற்றப்போகிற லாட்டேவுக்கு அவ்வளவு உயர்ந்த ரகம் வேண்டாம். தண்ணீரில் தனியாக, 2 கிராமுக்கு 70 மில்லி என்று அடித்துத் தருகிற கடையில் மட்டும் கேளுங்கள். மஞ்சள் தட்டிய பொடி என்றால் பழையது அல்லது பின்பறிப்பு.

லப்பெட்யேயில் கவனிக்க வேண்டியது தேயிலையைவிடப் பால். டப்பாவில் ‘கண்டென்ஸ்டு மில்க்’ என்று இருந்தால் பால்கொழுப்பு குறைந்தது 8 சதவீதம் இருக்க வேண்டும் என்பது கோடெக்ஸ் தரம். ‘க்ரீமர்’ என்று இருந்தால் அந்தக் கொழுப்பு பாமாயிலிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே மாதிரி டப்பா, ஒரே மாதிரிப் பசுமாட்டுப் படம். ச்சோ செய்ன், அதாவது இனிப்பும் பாலும் தூக்கலான டீ, கேட்டு வாங்கி 5 நிமிடம் ஆறவிடுங்கள். பால் என்றால் மேலே மெல்லிய ஆடை சுருங்கும், பாமாயில் என்றால் உதட்டில் மெழுகு மாதிரி ஒட்டும். ஸ்பெஷல் விலை கேட்கிற கடையில் டப்பாவைக் காட்டச் சொல்வதில் தப்பே இல்லை.

கேள்வி: டான்யே என்று விற்கும் பனஞ்சாறு சில நாள் இனிப்பாகவும் சில நாள் தலை சுற்றும்படியும் இருக்கிறதே?
– வாசகர், பெகு

பதில்: பானைக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். பனையிலிருந்து இறங்கும்போது இரண்டும் ஒன்றே. சாற்றில் வந்து விழும் ஈஸ்ட்டைச் சுண்ணாம்பின் காரம் தடுக்கிறது. வெயில் ஏறுவதற்குள் குடிப்பது நல்லது. பக்கோக்கு, ஞவுங்ஊ பக்கத்துப் பனைவெல்லம் வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள்: உடைந்த முகம் கண்ணாடிச் சர்க்கரை மாதிரி மின்னினால் சீனி கலந்தது. நல்லது மங்கலாக, மண்போல உதிர்ந்து, லேசான உவர்ப்போடு கரையும்.

கேள்வி: வசாபி, சாக்கே, அன்னாசிப்பூ மூன்றிலும் எது அசல் என்று ஒரு வரியில் சொல்ல முடியுமா?
– வாசகர், யாங்கோன்

பதில்: வசாபி: மேசைக்கு வரும் பச்சைக் களிம்பு அநேகமாகக் குதிரைமுள்ளங்கியும் கடுகும் நிறமும் கலந்தது. அசல், ஷிசுவோகா, நாகானோ மலையோடைகளில் விளையும் தண்டை உங்கள் முன்னால் துருவித் தருவது, கால்மணி நேரத்தில் காரம் இறங்கிவிடும்.

சாக்கே: இந்த ஜப்பானிய அரிசி மதுவில், அரிசியை எவ்வளவு தீட்டினார்கள் என்பதே ரகம். கிஞ்ஜோ என்றால் மிஞ்சுவது 60 சதவீதம் அல்லது குறைவு, டைகிஞ்ஜோ 50. 2015 முதல் ‘நிஹோன்ஷு’ என்ற பெயரை ஜப்பான் அரிசியில் ஜப்பானிலேயே வடித்ததற்கு மட்டும்தான் போடலாம். ஒயின் மாதிரிச் சேர்த்து வைக்காதீர்கள், திறந்ததை ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு வாரத்தில் முடியுங்கள்.

அன்னாசிப்பூ: சீனா, வியட்நாம் சரக்கு 8 இதழோடு தடித்து, இனிய சோம்பு மணத்தோடு இருக்கும். ஜப்பானிய இனம் விஷம். அது சற்றுச் சிறியது, நுனி கொக்கிபோல வளைந்தது, சோம்பு மணம் இல்லாதது. மணம் வராத பூவை ஒன்றுகூடப் போடாதீர்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் மச்சா கட்டி கட்டியாகிறது, சோயா சாஸ் புளிக்கிறது. மின்வெட்டும் சேர்ந்துகொள்கிறது. எப்படிச் சமாளிப்பது?
– கடை நடத்துபவர், மோல்மேன்

பதில்: மச்சாவை 30 கிராம் டப்பாவாக மட்டும் வாங்குங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறப்பதுதான் கட்டிக்குக் காரணம், குளிர்ந்த பொடியில் காற்றின் ஈரம் வந்து படிகிறது. மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். மின்சாரம் போய்ப் போய் வருகிற இடத்தில் அதை ஃபிரிட்ஜில் வைக்கவே வேண்டாம். இருட்டான அலமாரியில், காற்றுப் புகாத டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஒரு மாதத்தில் தீருகிற அளவே வாங்குங்கள்.

சோயா சாஸ் கெடுவது பெரும்பாலும் மேசைப் புட்டியில். பழையதன் மேலேயே புதியதை ஊற்றி நிரப்பும் பழக்கத்தை விடுங்கள். 100 மில்லிப் புட்டியாக வைத்து, 3 நாளுக்கு ஒருமுறை காலிசெய்து, வெந்நீரில் கழுவி, முழுக்கக் காயவைத்து நிரப்புங்கள். மேலே வெள்ளைப் படலம் கட்டினால் அது உப்புத் தாங்கும் ஈஸ்ட், வடிகட்டிப் பயன்படுத்தாமல் கொட்டிவிடுங்கள். பெரிய கேன் வாங்கும்போது லேபிளில் ‘ஹைட்ரலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மாதக்கணக்கில் ஊறவைத்து எடுத்ததல்ல, அமிலத்தில் சில நாளில் உடைத்த புரதம். அந்த முறையில் 3-எம்.சி.பி.டி. என்ற தீங்கான பொருள் உண்டாக வாய்ப்புண்டு. ஜப்பான் புட்டியில் ‘ஹொன்ஜோசோ’ என்று இருந்தால் முழுக்க ஊறவைத்தது. வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டைச் சாய்த்தால் அது சிவந்த டிகாக்ஷன் நிறத்தில் ஓடும். வண்டி மை மாதிரிக் கறுப்பாக நின்றால் கேரமல் நிறம் சேர்த்தது. சீனக் கறுப்பு சோயா மட்டும் விதிவிலக்கு, அது நிறத்துக்கென்றே செய்வது, மேசையில் வைப்பதற்கில்லை.